அப்பா காலத்து மிஷினை வச்சு விறகு வியாபாரம் ஓட்ட முடியுமா, இல்ல கடன் வாங்கி புதுசு போடணுமா?

கேள்வி சுருக்கமா இதுதான். அப்பா நடத்திட்டு இருந்த விறகு வியாபாரத்தை இப்ப மகன் கையில எடுத்திருக்கார், வீட்டு ஆளுங்க மூணு நாலு பேர்தான் வேலை செய்யறாங்க, மிஷின் எல்லாமே பழசு. பெரிய ஃப்ளைவீல் வச்ச டீசல் இன்ஜின், அதுல இருந்து பட்டை பெல்ட்ல ஓடுற வட்ட ரம்பம், எப்பவோ யாரோ வெல்டிங் அடிச்சுக் குடுத்த ஹைட்ராலிக் பிளக்கிற மிஷின், கூட ரெண்டு செயின்சா. அடிக்கடி ஏதாவது ஒண்ணு நின்னு போகுது, கையில காசு நிக்க மாட்டேங்குது, கடன் வாங்கி எல்லாத்தையும் மாத்திடலாமா இல்ல பேசாம மூடிடலாமான்னு கேக்கறார்.

நான் சொல்றது, இப்போதைக்கு ரெண்டும் வேண்டாம். விறகு வியாபாரத்துல பழைய மிஷினால நஷ்டமானவங்களை விட, ஈரத்துக்கு காசு குடுத்தும், ஒரே கட்டையை பத்து தடவை தூக்கியும் நஷ்டமானவங்கதான் ஜாஸ்தி. இந்த ரெண்டும் சரியாகாம புது மிஷின் வாங்கினா நஷ்டமும் வேகமா நடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல்ல தூக்கற கணக்கு. ஒரு கட்டை வண்டியில இருந்து இறங்கினதுல இருந்து வாங்கறவர் வண்டியில ஏறுற வரைக்கும் எத்தனை தடவை ஆள் கை படுதுன்னு ஒருநாள் சும்மா நின்னு எண்ணிப் பாருங்க. வண்டியில இருந்து இறக்கறது, ரம்பத்துக்கிட்ட இழுத்துட்டு வர்றது, மேடையில தூக்கி வைக்கிறது, அறுத்த துண்டை எடுத்து ஓரமா போடறது, அதை பிளக்கற மிஷினுக்கு கொண்டு போறது, அதுமேல தூக்கி வைக்கிறது, பிளந்ததை குவியல்ல எறியறது, குவியல்ல இருந்து எடுத்து வரிசையா அடுக்கி அட்டி போடறது, காஞ்ச பிறகு அட்டியைப் பிரிக்கிறது, எடை போட்டு ஏத்தறது. பத்து. ஒரு டன் விக்கறதுக்கு உங்க வீட்டு ஆளுங்க பத்து டன் தூக்கறாங்க, மிஷின் எவ்வளவு வேகமா அறுத்தாலும் இது குறையாது. ரம்பத்தையும் பிளக்கற மிஷினையும் பக்கத்துல பக்கத்துல கொண்டு வந்து, ரம்ப மேடை உயரத்துக்கே ஒரு ரோலர் மேடையோ வெறும் இரும்பு சாய்தளமோ போட்டு, அறுத்த துண்டு தானா உருண்டு பிளக்கற மிஷினுக்கு வந்துட்டா அங்கயே மூணு தூக்கு போச்சு. பிளந்ததை தரையில எறியாம நேரா கம்பிக்கூண்டுலயோ மரச்சட்டத்துலயோ போட்டு, அதுலயே காய வச்சு, அதுலயே எடை போட்டு குடுத்தா இன்னும் ரெண்டு மூணு மிச்சம். இதுக்கு ஆகற செலவு பழைய ஆங்கிளும் வெல்டிங் ராடும்தான். பிளக்கற மிஷின் தரையோட தரையா இருந்தா அதை இடுப்பு உயரத்துக்கு தூக்கி வைங்க, குனிஞ்சு வேலை செஞ்ச அப்பாவோட முதுகு எப்படி இருக்குன்னு அவர்கிட்டயே கேளுங்க.

அடுத்தது ஈரம், இதுதான் பெரிய விஷயம். பச்சை மரத்துல மரத்தைப் பொறுத்து, வெட்டின பருவத்தைப் பொறுத்து மூணுல ஒரு பங்குல இருந்து பாதி எடை வரைக்கும் தண்ணி. பாதி தண்ணின்னே வச்சுக்கோங்க, 1,000 கிலோ வாங்கறீங்க, அதுல மரம் 500 கிலோ தண்ணி 500 கிலோ. நல்லா எரியற பதம்னா ஈரம் 20 சதவீதத்துக்கு வரணும், அப்ப அந்த 500 கிலோ மரம்தான் மொத்த எடையில 80 சதவீதம், ஆக மொத்தம் 625 கிலோ. நீங்க டன் கணக்குல வாங்கினது 625 கிலோவா வெளிய போகுது, மரத்தூள், பட்டை, உளுத்த துண்டு கழிவு எல்லாம் இதுல இன்னும் சேரல. அதாவது கிலோ என்ன விலைக்கு வாங்கினீங்களோ அதை 1.6 மடங்குக்கு வித்தாத்தான் மரத்துக்கு குடுத்த காசே திரும்பி வருது, கூலி டீசல் எல்லாம் அதுக்கு மேல. நிறைய பேரு வாங்கின விலைக்கு மேல கொஞ்சம் வச்சு வித்துட்டு வருஷக் கடைசியில காசு எங்க போச்சுன்னு தேடுவாங்க, காசு ஆவியா போச்சு.

அப்போ பச்சையாவே வித்துடலாமேன்னு தோணும், எடை நிக்குமே. ஆனா வாங்கறவர் முட்டாள் இல்ல. சுத்தமா காஞ்ச மரம் கிலோவுக்கு சுமார் 4,500 கிலோ கலோரி சூடு குடுக்கும், 20 சதவீத ஈரத்துல அது 3,500 கிட்ட வரும், பாதி தண்ணியா இருந்தா 2,000க்கும் கீழ போயிடும், ஏன்னா கிலோவுல பாதி மரமே இல்ல, அந்தத் தண்ணியை ஆவியாக்கவும் ஒரு பங்கு சூடு போயிடுது, புகையும் ஜாஸ்தி. பாய்லர் வச்சிருக்கறவங்க இதை கணக்கு போட்டுப் பாத்துதான் வாங்கறாங்க. ஒரு தடவை ஈர லோடு அனுப்பினா அடுத்த தடவை ஃபோன் வராது. இன்னொரு விஷயம், எடைக்கு எடை பாத்தா எல்லா மரமும் ஏறத்தாழ ஒரே சூடுதான், வைரம் பாஞ்ச கட்டைக்கும் லேசான மரத்துக்கும் வித்தியாசம் கன அளவுலதான் வருது. அதனால லேசான மரத்தை எடைக்கு விக்கறதுல தப்பே இல்ல, அட்டி அளவுல விக்கும்போதுதான் மரம் எதுன்னு சொல்லி விக்கணும். அட்டியிலயும் காத்து இருக்கு, ஒரு கன மீட்டர் அடுக்கினா உள்ள நிஜ மரம் 0.65, 0.7 கன மீட்டர் இருந்தா நல்ல அடுக்கு, வளைஞ்ச கட்டைன்னா இன்னும் கம்மி.

ஈரம் பாக்க மீட்டர் வாங்கினீங்கன்னா ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, வெளிப்பக்கம் குத்தாதீங்க, அப்பதான் பிளந்த உள்முகத்துல குத்துங்க, வெளிப்பக்கம் எப்பவும் காஞ்ச மாதிரிதான் காட்டும். ரெண்டு, நிறைய மீட்டர் காட்டற சதவீதம் காஞ்ச மரத்து எடையை வச்சு, பாய்லர்காரங்க பேசற சதவீதம் மொத்த எடையை வச்சு. மீட்டர்ல 25ன்னா அவங்க கணக்குல 20. இது தெரியாம சண்டை போட்டுக்கறவங்க உண்டு. 30க்கு மேல மீட்டர் காட்டறதை நம்பவே வேண்டாம், "ரொம்ப ஈரம்"னு மட்டும் எடுத்துக்கோங்க. மீட்டரே இல்லன்னாலும் பரவால்ல, அட்டியில நாலஞ்சு துண்டுக்கு பெயிண்ட்ல நம்பர் போட்டு வாராவாரம் எடை போடுங்க, எடை குறையறது நின்னுட்டா அந்த இடத்துல, அந்த சீசன்ல அதுக்கு மேல காயாது. ரெண்டு துண்டை ஒண்ணோட ஒண்ணு தட்டினா ணங்குன்னு கேக்கணும், தொப்புன்னு கேட்டா இன்னும் இருக்கு.

காய வைக்கறதுல பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. தண்ணி மரத்துல நாரு போற திசையிலதான் வேகமா வெளிய வரும், குறுக்கால ரொம்ப மெதுவா. அதனால நீளமா கிடக்கற முழுக் கட்டை வருஷக்கணக்குல உள்ள ஈரமாவே இருக்கும், துண்டு போட்டு பிளந்தாத்தான் காயும். வந்த உடனே அறுத்து பிளந்துடுங்க, பச்சையா இருக்கும்போது ரம்பத்துக்கும் நிறைய மரம் சுலபம். தரையில இருந்து ஒரு சாண் தூக்கி அடுக்கணும், மேல மட்டும் மூடணும், பக்கத்தை தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடினா அது காய வைக்கிறது இல்ல, பூஞ்சணம் வளக்கறது. அட்டிக்கும் அட்டிக்கும் நடுவுல காத்து போக ஒரு ஆள் நடக்கற இடம். காஞ்சதை ரொம்ப வருஷம் வச்சிருந்தா உளு விழுந்து எடை குறையும், முதல்ல வந்தது முதல்ல போகணும், அட்டியில தேதி எழுதி வைங்க.

இப்ப மிஷினுக்கு வருவோம். பழைய மிஷின்ல ஒரு பெரிய நல்லது, அதுல இருக்கற பாகம் எல்லாம் நம்பர் சொன்னா கிடைக்கற பாகம். பியரிங் கழட்டினா ஓரத்துல 6206னு இருக்கும், உள் விட்டம் 30 மில்லி, வெளி 62, அகலம் 16, உலகத்துல எந்த பியரிங் கடைக்கு போனாலும் அதே அளவுதான். ஷாஃப்ட் 40 மில்லின்னா யூசிபி 208 பிளம்மர் பிளாக் (ஷாஃப்டைத் தாங்கற, கூட்டோட வர்ற பியரிங்) அப்படியே உக்காரும். வி பெல்ட்ல பி 68னு போட்டிருந்தா அதான் சைஸ். ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து எல்லா மிஷினோட பியரிங், பெல்ட், ஆயில் சீல், ஓஸ் நம்பரையும் ஒரு நோட்டுல எழுதி, ஒவ்வொண்ணுலயும் ஒரு செட் முன்கூட்டியே வாங்கி வைங்க. பழைய மிஷின் நிக்கறதுல பெரும்பாதி நேரம் ரிப்பேர்ல போறது இல்ல, பாகம் தேடி அலையறதுல போறது.

ரம்பத்தைப் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்லணும். வட்ட ரம்பத்துல பல்லு நுனி செகண்டுக்கு 45ல இருந்து 50 மீட்டர் வேகத்துல போனா மரத்துக்கு சரியா இருக்கும். 24 இன்ச் பிளேடுன்னா நிமிஷத்துக்கு 1,400ல இருந்து 1,560 சுத்து. உங்க இன்ஜின் அந்தக் கால 6 எச்பி, 650 ஆர்பிஎம் மாடலா இருந்தா, இன்ஜின் புல்லி 12 இன்ச், ரம்பத்து புல்லி 5 இன்ச் போட்டா 650ஐ 12ஆல பெருக்கி 5ஆல வகுத்தா 1,560, கச்சிதம். இதே புல்லியை வச்சுக்கிட்டு, பெரிய கட்டை வருதேன்னு 30 இன்ச் பிளேடு மாட்டினா நுனி வேகம் 62 மீட்டருக்கு போயிடும், அது அறுக்கற மிஷின் இல்ல, வெடிக்கற சாமான். பிளேடுல அதிகபட்ச ஆர்பிஎம் அடிச்சிருந்தா அதைத் தாண்டவே கூடாது. சும்மா ஓடும்போதே பிளேடு அலை மாதிரி ஆடுதுன்னா டென்ஷன், அதாவது தகட்டோட விறைப்பு, போயிருக்கு, இல்ல சூடு ஏறி வளைஞ்சிருக்கு, அதை சுத்தியல் வச்சு நீங்களே தட்டி சரி பண்ண வேண்டாம், அது தெரிஞ்ச ஆள் செய்யற வேலை.

விரிசல் பாக்கறது மட்டும் நீங்களே செய்யணும், மாசம் ஒருதடவையாவது. பிளேடை கழட்டி, பிசின் கறை எல்லாம் போக கழுவி, பல்லுக்கு அடியில இருக்கற குழிகள்ல மண்ணெண்ணெய் தடவி கொஞ்ச நேரம் விடுங்க. அப்புறம் துணியால ஒட்ட துடைச்சுட்டு சாக்பீஸை மேல தேய்ங்க. விரிசல் இருந்தா உள்ள போன எண்ணெய் திரும்ப கசிஞ்சு வெள்ளையில முடி மாதிரி ஒரு கருப்பு கோடு தெரியும். கோடு தெரிஞ்சா அந்த பிளேடோட கதை முடிஞ்சது. வெல்டு வச்சு ஓட்டறேன்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க.

பட்டை பெல்ட் அடிக்கடி கழண்டு விழுதுன்னா புல்லியோட முகம் நடுவுல லேசா மேடா இருக்கான்னு பாருங்க, அந்த மேடுதான் பெல்டை நடுவுலயே பிடிச்சு வைக்கும், தேஞ்சு தட்டையா போயிருந்தா எத்தனை இழுத்து கட்டினாலும் வழுக்கும். இன்ஜின் சுத்தற திசையைப் பொறுத்து பெல்டோட தளர்ந்த பக்கம் மேல வர்ற மாதிரி அமைச்சா அது தொய்ஞ்சு சின்ன புல்லியை ஜாஸ்தியா சுத்திப் பிடிக்கும். நடுவுல ஒரு டென்ஷன் புல்லி போட்டு, ரம்பக்காரர் நிக்கற இடத்துல இருந்தே லிவரால பெல்டை தளர்த்தற ஏற்பாடு கண்டிப்பா வேணும், ஏன்னா ஃப்ளைவீல் இன்ஜினை ஆஃப் பண்ணினாலும் அது உடனே நிக்காது, அது சுத்தற வரைக்கும் பிளேடும் சுத்தும்.

இன்ஜின் கரும்புகை விட்டா எல்லாரும் நாசில், பம்புன்னு மெக்கானிக்கை கூப்பிடுவாங்க. முதல்ல பல்லைப் பாருங்க. மழுங்கின பல்லு மரத்தை அறுக்காது, தேய்க்கும், இன்ஜினுக்கு லோடு ஏறி கரும்புகை வரும். அறுத்த முகம் கருகிப் பளபளன்னு இருந்தா, தூள் மாவு மாதிரி விழுந்தா, சாணை பிடிக்கற நேரம் தாண்டிப் போச்சு. செயின்சாவுக்கும் இதே கணக்குதான், நல்ல செயின் சீவல் சீவலா தள்ளும். 3/8 இன்ச் பிட்ச் (கண்ணி இடைவெளி) செயினுக்கு 5.5 மில்லி அரம், .325க்கு 4.8 மில்லி, பெட்ரோல் போடும்போதெல்லாம் ரெண்டு இழுப்பு இழுத்துட்டா போதும். மண்ணு ஒட்டின கட்டையை அப்படியே அறுக்காதீங்க, ஒரே கட்டையில மொத்த பல்லும் போயிடும். வேலி ஓரத்து மரம்னா அறுத்த முகத்துல நீலம் கலந்த கருப்பு கறை இருக்கான்னு பாருங்க, உள்ள ஆணியோ கம்பியோ இருக்குன்னு அர்த்தம், இரும்பு மரத்தோட துவர்ப்போட சேர்ந்து வர்ற கறை அது, அந்த துண்டை ரம்பத்துக்கே காட்டாதீங்க.

ஃபில்டர் இல்லாத பழைய இன்ஜின்னா 100 மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆயில் மாத்துங்க, 6 எச்பி இன்ஜின் முழு லோடுல மணிக்கு ஒண்ணேகால் லிட்டர் கிட்ட டீசல் குடிக்கும், அதுக்கு மேல ரொம்ப போச்சுன்னா ஏதோ கோளாறு. நீலப்புகைன்னா ஆயில் எரியுது. வேகத்தைக் கட்டுப்படுத்தற கவர்னர் மக்கர் பண்ணி இன்ஜின் கட்டுக்கடங்காம ஏறினா டீசலை அடைச்சும் சில நேரம் நிக்காது, காத்து இழுக்கற வாயை பலகை வச்சு அடைக்கணும், அந்த பலகையை ஒரு கயித்துல இன்ஜின் பக்கத்துலயே கட்டித் தொங்க விடுங்க. மூணு ஃபேஸ் கரண்ட் இருக்கற இடம்னா ரம்பத்துக்கு மோட்டார் மாத்தறது நல்ல யோசனைதான், ஆனா ஒரு ஃபேஸ் போனா ட்ரிப் ஆகற ரிலே இல்லாம போடாதீங்க, காயில் கருகி ஒரு மாச லாபம் போயிடும்.

பிளக்கற மிஷினைப் பத்தி. அதோட பலம் சிலிண்டர் விட்டமும் பிரஷரும்தான். 4 இன்ச் சிலிண்டர், 2,500 பிஎஸ்ஐன்னா சுமார் 14 டன் தள்ளும், விறகுக்கு அது போதும், கணு இல்லாத துண்டுக்கு பாதியே போதும். மெதுவா போகுதுன்னு, பிரஷர் அளவைத் தாண்டாம பாத்துக்கற ரிலீஃப் வால்வை இறுக்கறாங்க பாருங்க, அது வேகத்தைக் கூட்டாது, ஃப்ரேமைத்தான் கிழிக்கும். வேகம் வேணும்னா ரெண்டு ஸ்டேஜ் பம்ப் போடுங்க, சும்மா போகும்போது வேகமாவும் கட்டை தடுக்கும்போது பலமாவும் தள்ளும், இந்த பட்டறையில நான் காசு போடச் சொல்ற முதல் இடம் இதுதான். பம்ப் கிறீச்சுன்னு கத்தினா ஆயில் இழுக்கற பக்கம் வலை அடைச்சிருக்கு. ஆயில் நுரைச்சா காத்து உள்ள போகுது, பால் மாதிரி இருந்தா தண்ணி கலந்திருக்கு. ஓஸ்ல கசிவு எங்கன்னு கையால தடவித் தேடவே கூடாது, ஊசிமுனை ஓட்டையில இருந்து வர்ற ஆயில் தோலைக் கிழிச்சு உள்ள போயிடும், பாத்தா சின்ன புள்ளி மாதிரிதான் இருக்கும், ஆனா உடனே ஆஸ்பத்திரி போய் ஆபரேஷன் பண்ணலன்னா விரலே போற காயம் அது. அட்டைத் துண்டை வச்சுத் தேடுங்க.

குடும்பமா வேலை செய்யற இடத்துல இருக்கற தனி ஆபத்து ஒண்ணு இருக்கு. அப்பா கட்டையைப் பிடிச்சுக்குவார், பையன் லிவரை இழுப்பான். வேகமா போற மாதிரி இருக்கும். பிளக்கற மிஷின்ல விரல் போறது பெரும்பாலும் இந்த ஏற்பாட்டுலதான், ஒருத்தர் கை எங்க இருக்குன்னு இன்னொருத்தருக்கு தெரியாது. கட்டையை வைக்கிறவர்தான் லிவரைத் தொடணும், வேற யாரும் கிட்ட வரக்கூடாது, அண்ணன் தம்பியா இருந்தாலும் சரி. லிவரை விட்டா தள்ளறது நிக்கணும், திரும்பி வர்றது மட்டும் தானா வரலாம். ரம்பத்துக்கும் பெல்ட்டுக்கும் மூடி, தொங்கற துணி கிடையாது, துண்டு தோள்ல கிடையாது, ஸ்கூல் விட்டு வந்த பசங்க அந்தப் பக்கமே கிடையாது. பழசுதானேன்னு இதுல மட்டும் விட்டுக் குடுக்காதீங்க. மரத்தூளை தினமும் பெருக்கி சைலன்சர் பக்கத்துல இருந்து அப்புறப்படுத்துங்க, காஞ்ச அட்டி இன்ஜினுக்கு எதிர் ஓரத்துல இருக்கட்டும்.

கணக்குக்கு ஒரே ஒரு நோட்டு போதும். தினமும் இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடுச்சு, டீசல் எத்தனை லிட்டர், எத்தனை பேர் எத்தனை மணி நேரம், எத்தனை டன் அறுத்தோம், எத்தனை நேரம் எதனால நின்னுச்சு. வீட்டு ஆளுக்கும் வெளியாளுக்கு குடுக்கற கூலியைப் போட்டு எழுதுங்க, அம்மா அட்டி அடுக்கறதுக்கும் சேத்து. குடும்ப உழைப்பை சைபர்னு வச்சு லாபம் பாக்கற வியாபாரம் பையன் வேற வேலைக்கு போற அன்னிக்கு படுத்துடும். காய வைக்கற மாசங்களுக்கு காசு மரமா அடுக்கி நிக்கும், அதுக்கு வட்டி போட்டுப் பாருங்க, அப்பதான் காஞ்ச விறகுக்கு என்ன விலை சொல்லணும்னு தைரியம் வரும். தூள், பட்டை, சிராய் தனியா சேத்தா அதுக்கும் ஆள் உண்டு. மரம் எங்க வெட்டினதுன்னு காகிதம் இல்லாம லோடு இறக்காதீங்க, அனுமதி விதி இடத்துக்கு இடம் மாறும், மாட்டினா மொத்த லோடும் போகும்.

இப்படி ஒரு சீசன் முழுக்க எழுதின பிறகு நோட்டைப் புரட்டுங்க. நின்ன நேரத்துல பெரும்பங்கு ஒரே மிஷினால வந்திருந்தா, அதுவும் ஸ்பேர் கையில இருந்தும் நின்னிருந்தா, அந்த ஒரு மிஷினை மட்டும் மாத்துங்க, அதுவும் நல்ல கண்டிஷன்ல இருக்கற பழசா கிடைச்சா அதையே பாருங்க. காஞ்ச விறகு கேட்டு வர்றவங்களை தினமும் இல்லன்னு திருப்பி அனுப்பற நிலைமை வந்து, அட்டியிலயும் இடம் இருந்து, தூக்கற கணக்கும் அஞ்சாறுக்கு இறங்கிடுச்சுன்னா அப்ப புது மிஷினுக்கு கடன் வாங்கலாம், கட்டிடுவீங்க. இன்ஜின் பிளாக்கோ ஃப்ளைவீலோ விரிசல் விட்டா மட்டும் நோட்டு எதுவும் பாக்க வேண்டாம், அன்னிக்கே நிறுத்திட்டு இரும்புக்கு போட்டுடுங்க.